தென்திருவிதாங்கூர் – பகுதி 17: நெய்யூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரி கட்டியவர்கள்

1817-ஆம் ஆண்டு திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. பின்னணியில் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் ஆலோசனை இருந்தது உண்மை. அதனால் ஆணையின் மதிப்பு குறைந்துவிடாது. இங்கிலாந்து நாடாளுமன்றம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டடங்களுக்காக முதன்முதலாக இருபதாயிரம் பவுன் ஒதுக்கியதே 1833-ல்தான். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, கல்வி அரசின் கடன் என்று ஒரு சிறு சமஸ்தானம் எழுத்தில் சொல்லிவிட்டது. திருவிதாங்கூரின் எழுத்தறிவு வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆணையிலிருந்தே தொடங்குகிறார்கள். அதே ஆணையை நெய்யூரில் நின்று வாசித்தால் வேறொரு கேள்வி எழுகிறது. செலவை அரசு ஏற்கும், சரி; அரசின் கருவூலத்துக்கு அந்தப் பணம் யார் வீட்டிலிருந்து வந்தது? இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது இதுதான்: தெற்குத் தாலுகாக்களில் பள்ளியும் பாதையும் ஏழைக்கு எட்டிய வேகத்தைத் தீர்மானித்ததில், அரசர்களின் நல்லெண்ணத்தைவிட, வரி எந்தத் தோளில் ஏற்றப்பட்டது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆளின் தலைமேல் இருந்த வரி இறங்கி, நிலத்தையும் வருமானத்தையும் நோக்கி நகர நகரத்தான் 1817-ன் வாக்குறுதிக்கு உயிர் வந்தது. அந்த நகர்வுக்கு ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் பிடித்தன.

முதலில் கருவூலத்தின் வரவைப் பார்ப்போம். நெய்யூர், இரணியல், திங்கள்சந்தை, குளச்சல் வட்டாரத்தின் உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர் பனையேறிகள், மீனவர்கள், நெசவாளர்கள், வயலில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். இவர்களில் உழைக்கும் வயதுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் தலைவரி கட்ட வேண்டும். நாயர்கள், மாப்பிள்ளைகள், கம்மாளர் போன்ற சிலருக்கு அதில் விலக்கு இருந்தது. தலைவரியோடு முடியவில்லை. பனையேறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம், தறிக்கு வரி, செக்குக்கு வரி, வலைக்கு வரி, வள்ளத்துக்கு வரி. உழைப்பவன் கையில் எந்தக் கருவி இருந்ததோ அதெல்லாம் வரிக்குரிய பொருளாயிற்று. மன்றோவின் காலத்தில் இவற்றில் சில குறைந்தன. அமைப்பு அப்படியே நின்றது. பணமாக வாங்கியது போக, ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாத வேலையும் வாங்கினார்கள். இன்னொரு பக்கம், பிராமணர்களுக்குரிய பிரம்மசுவ ஜென்ம நிலங்களுக்கு வரி இல்லை, அல்லது பெயரளவில் இருந்தது. இடப்பிரபுக்களின் நிலம் சர்க்கார் கணக்கின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. உப்பும் புகையிலையும் மிளகும் சர்க்காரின் ஏகபோகமாக இருந்ததால், உப்பு வாங்கும் ஏழையும் தனக்குத் தெரியாமலேயே கருவூலத்தை நிரப்பினான். மிக அதிகமாக வைத்திருந்தவர் மிகக் குறைவாகவும், ஏதும் இல்லாதவர் தன் உடம்பையே கணக்கில் காட்டியும் வரி கட்டிய அமைப்பு அது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்க முடியாது. 1811, 1812-ஆம் ஆண்டுகளில் மன்றோ 348 பெரிய தேவசுவங்களையும் 1,171 சிறிய தேவசுவங்களையும் சர்க்கார் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார். நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களில் கணிசமான பகுதி கோயில் சொத்து. அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அதைவிடப் பெரிய செல்வக்குவியல் இருந்ததில்லை. அதையே அரசு எடுத்துக்கொண்ட பிறகு, செல்வத்தின் மேல் கை வைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கை வைத்தது உண்மை. ஆனால் அந்த வருமானம் போன திசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1805 உடன்படிக்கையின்படி கும்பினிக்கு ஆண்டுதோறும் சுமார் எட்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அதில் பாக்கியும் ஏறிக்கிடந்தது. மீதியில் கோயில் செலவும், வழிப்போக்கப் பிராமணர்களுக்கு இலவசச் சோறு போட்ட ஊட்டுப்புரைகளும், ஆறாண்டுக்கு ஒருமுறை வந்த முறஜபம் என்ற வேதச் சடங்கும் பெரும் பங்கை எடுத்துக்கொண்டன. தருமபூமி என்று திருவிதாங்கூர் தன்னை அழைத்துக்கொண்டது. மிஷனரி சாமுவேல் மேட்டீர் 1871-ல் வெளியிட்ட நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். தருமம் நடந்தது, அதில் பொய்யில்லை. நெய்யூர்ப் பனையேறி கட்டிய தளைக்காணமும் அந்தத் தருமத்தில் கலந்திருந்தது; அவன் பிள்ளைக்கு மட்டும் அதில் ஒரு பிடி சோறோ ஓர் எழுத்தோ இல்லை. செல்வரிடமிருந்து வாங்கினால் மட்டும் போதாது, வாங்கியதை யாருக்குச் செலவிடுகிறோம் என்பதும் வரியின் பகுதிதான் என்பதற்கு இந்த இருபது முப்பது ஆண்டுகளைவிட நல்ல சான்று இந்த மாவட்டத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

சார்லஸ் மீட் 1828-ல் நாகர்கோவிலிலிருந்து நெய்யூருக்கு இடம் மாறியதைச் சென்ற பகுதியில் கண்டோம். அவர் நிறுவிய பள்ளிகளின் பணக்கணக்கு இங்கே முக்கியமாகிறது, ஏனெனில் வரியே தேவையில்லை, தருமமே போதும் என்று வாதிடுகிறவர்கள் இந்தப் பள்ளிகளைத்தான் காட்டுவார்கள். நாகர்கோவில் செமினரிக்கு ராணி ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். அதில் நெல்வயல் வாங்கி, விளைச்சலைக் கொண்டு மாணவரைப் பராமரித்தார்கள். மார்த்தா மால்ட் தொடங்கிய பின்னல் லேஸ் வேலையின் வருமானம் பெண்பிள்ளைகளின் விடுதிக்கு உதவியது. அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்தக் காசைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். லண்டன் மிஷன் சங்கத்தின் நன்கொடையும் சபையாரின் காணிக்கையும் மீதியைத் தாங்கின. 1838-ல் டாக்டர் ராம்சே நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணியும் இதே வழியில்தான் நடந்தது. இவற்றைச் செய்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் இரண்டு தலைமுறை எழுத்தறியாமல் போயிருக்கும். ஆனால் கணக்கை உற்றுப் பாருங்கள். இங்கிலாந்தில் நன்கொடை குறைந்த ஆண்டில் இங்கே ஒரு பள்ளி சுருங்கும். மருத்துவர் இறந்தால் மருத்துவமனைக் கதவு ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடக்கும். 1854-ல் டாக்டர் லீச் கடலில் மூழ்கி இறந்தபின், 1861-ல் டாக்டர் ஜான் லோ வரும்வரை அதுதான் நடந்தது. சபையாரின் காணிக்கை என்பது தலைவரி கட்டி மீந்த காசிலிருந்து வந்தது. அதாவது அவர்கள் கல்விக்காக இரண்டு முறை கொடுத்தார்கள். கருவூலத்துக்குக் கட்டாயமாக ஒருமுறை, மிஷனுக்கு விரும்பி ஒருமுறை. முதல் தொகைக்கு அவர்களுக்குப் பள்ளி கிடைக்கவில்லை. தருமத்தால் ஒரு நெய்யூர் எழும். அதன் இருபுறமும் உள்ள நூறு ஊர்களுக்கு யார் கொடுப்பது என்ற கேள்விக்குத் தருமத்திடம் பதில் கிடையாது.

மாற்றம் டி. மாதவ ராவ் திவானாக இருந்த 1858 முதல் 1872 வரையிலான காலத்தில் வந்தது. 1855-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்திருந்தது. 1859-ல் தோள்சீலைக் கலவரங்களுக்குப்பின், நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்க உரிமை தந்து ஓர் ஆணை வந்திருந்தது. மாதவ ராவ் மிளகு ஏகபோகத்தையும் புகையிலை ஏகபோகத்தையும் அடுத்தடுத்துக் கைவிட்டார். 1865-ஐ ஒட்டித் தலைவரியோடு நூற்றுக்கும் மேற்பட்ட சில்லறை வரிகள் ஒரே வீச்சில் நீங்கின. அதே 1865-ல் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரம், சர்க்கார் நிலத்தைக் குத்தகையாகப் பயிரிட்டவர்களுக்கு அதை விற்கவும் வாங்கவும் கூடிய முழு உரிமையைத் தந்தது. இத்தனை வரியை விட்டுக்கொடுத்தால் கஜானா காலியாகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வருவாய் உயர்ந்தது, பழைய கடன் தீர்ந்தது. காரணம் விளங்காத ஒன்றல்ல. சில்லறை வரிகளில் பெரும்பாலானவை கருவூலத்துக்குக் கொடுத்ததைவிட, வசூலிக்கப் போனவர்களுக்குக் கொடுத்ததே அதிகம். உரிமை உறுதியான நிலத்தில் குடியானவன் தென்னை வைத்தான், கிணறு வெட்டினான், நிலவரி பெருகியது. அந்தப் பணத்தில் பொதுமராமத்துத் துறை எழுந்தது, திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருவழி செம்மைப்பட்டது, 1860-ல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் கடலோரமாகக் குளச்சல் பக்கம்வரை வெட்டப்பட்டது. கன்னியாகுமரிவரை போக வேண்டிய அந்தக் கால்வாய் பாதியில் நின்றுவிட்டது இந்த மாவட்டத்தின் பெரிய இழப்புகளில் ஒன்று. தாய்மொழிப் பள்ளிகளுக்கென ஒரு துறையும், தனியார் பள்ளிகளுக்கு மானியமும் இதே காலத்தில் பிறந்தன. மிஷன் பள்ளிகளுக்கும் அந்த மானியம் வந்தபோதுதான், பனையேறியின் வரிப்பணம் சுற்றுவழியாக அவன் பிள்ளையின் பலகைக்கு வந்து சேர்ந்தது.

ஏழையின் வரியைக் குறைத்தார்களே ஒழிய, பணக்காரன் வரியைக் கூட்டினார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூட்டவில்லை. ஜென்மிகளின் நிலம் தொடப்படாமலே இருந்தது. கள்ளு, சாராய அப்காரியும் உப்பும் சுங்கமும் வருவாயில் பெரும் இடத்தைப் பிடித்தன. இவை வாங்கிப் பயன்படுத்துகிறவன் கட்டுகிற வரிகள், அவன் ஏழையா பணக்காரனா என்று அவை பார்ப்பதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1860-லேயே ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். திருவிதாங்கூர் அதைப் பின்பற்ற அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மாதவ ராவின் சீர்திருத்தத்தைப் பாதி வழி என்றுதான் மதிப்பிட முடியும். மறுபாதியின் கடினம் என்ன என்பதை வங்காளம் காட்டியது. 1793-ன் நிரந்தரத் தீர்வையால் ஜமீந்தார்களின் வரி என்றென்றைக்குமாக உறைந்துபோயிருந்தது. பாதைக்கும் தொடக்கக் கல்விக்கும் அவர்கள்மேல் தனித்தீர்வை போடலாமா என்று அரசு கேட்டபோது, கொடுத்த வாக்கை மீறுவதாகும் என்று அவர்கள் கூக்குரலிட்டார்கள். இந்தியா மந்திரி ஆர்கைல் பிரபு, பொதுப் பயனுக்கான தீர்வை வாக்கு மீறலாகாது என்று 1870-ல் முடிவு சொன்னார். 1871-ல் சாலைத் தீர்வை சட்டமாயிற்று. கல்வித் தீர்வையோ கைவிடப்பட்டது. வங்காளக் கிராமத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது 1930-ல். பாதைக்குப் பணம் கேட்டால் நிலக்கிழார் முணுமுணுத்துக் கொடுப்பார், பாதை போட்டால் அவருடைய நெல்லும் சந்தைக்குப் போகும். குடியானவன் பிள்ளையின் படிப்புக்குக் கேட்டால் அதில் தனக்கு நட்டமே என்று அவருக்குத் தோன்றியது. அறுபது ஆண்டு இடைவெளிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

திருவிதாங்கூரில் 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியபோது, அதில் அமரத் தகுதி ஆண்டுக்கு நூறு ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுவோர், பெரும் வருமானமுள்ள வணிகர் என்று வகுக்கப்பட்டது. நேர்வரி கட்டுகிறவனே நாட்டைத் தாங்குகிறான் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. உப்பிலும் கள்ளிலும் சுங்கத்திலும் ஏழை கட்டியது அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. பின்னாளில் தகுதி தளர்ந்தது, ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளி போன்றோர் நியமனமாக உள்ளே வந்தார்கள். சாதி பாராமல் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற ஆணையும் 1910-ஐ ஒட்டி அவருடைய போராட்டத்தால் வலுப்பெற்றது. வரிச் சீர்திருத்தம் மட்டும் கதவைத் திறந்துவிடாது என்பதற்கு இது சான்று என்று ஒருவர் மறுக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். பொதுப்பணத்தில் போட்ட பாதையில் நடக்கவே 1924-ல் வைக்கத்திலும், 1926-ல் இங்கே சுசீந்திரத்திலும் சத்தியாகிரகம் இருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் போராட்டங்களுக்குக் கூர்மை தந்த வாதமே வரியிலிருந்து வந்ததுதான். எல்லோர் பணத்தாலும் பராமரிக்கும் தெரு எல்லோருக்கும் உரியது. இதைத் தனியார் தருமத்தில் கட்டிய சத்திரத்தின் வாசலில் நின்று சொல்ல முடியாது. தருமம் செய்தவர் தம் விருப்பப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். வரியில் எழுந்ததற்கு அந்தச் சலுகை கிடையாது.

போக்குவரத்தில் இந்த வாதம் கண்ணால் காணும் வடிவம் பெற்றது 1938-ல். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டரை அழைத்து வந்து, பிப்ரவரி 20-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை தொடங்கப்பட்டது. தெற்குப் பெருவழி, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிவரை, அதன் முதல் தடங்களில் ஒன்று. அந்தப் பாதை சிமென்ட் கான்கிரீட்டில் போடப்பட்டிருந்தது. கட்டணம் திருவிதாங்கூர் நாணயத்தில் மைலுக்கு அரைச் சக்கரம், குறைந்தது ஒரு சக்கரம். முதல் வகுப்புக்கு ஒன்றரை மடங்கு. மூன்று வயதுக்குக் கீழே இலவசம், பதினான்கு வயதுவரை அரைக்கட்டணம். அந்த அரைக்கட்டணத்தை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நெய்யூரிலிருந்தோ தக்கலையிலிருந்தோ நாகர்கோவில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பேருந்தும் பள்ளியின் பகுதிதான். பயன்படுத்துகிறவனே முழு விலையையும் கொடுக்கட்டும் என்ற கொள்கை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பாதையால் பயன்பெறுகிறவர் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் என்றால் அது சரியாக இருக்கும். குலசேகரத்து ரப்பர்த் தோட்டத்துக்குத் தொழிலாளி வந்து சேர்வதும், கோட்டாறு வணிகருக்கு வாடிக்கையாளர் வருவதும், பாதையோர மனையின் விலை ஏறுவதும் அதே பாதையால்தான். பயன் எங்கே குவிகிறதோ அங்கிருந்து செலவின் ஒரு பங்கைக் கேட்பது பிடுங்கல் ஆகாது.

மறுபாதிச் சீர்திருத்தம் 1946-ல் வந்தது. சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, நிலத்துக்கு நிலம் மாறிய பழைய தீர்வைகளை நீக்கி எல்லா நிலத்துக்கும் ஒரே அளவான அடிப்படை வரியையும், அதற்கு மேலே வேளாண் வருமான வரியையும் கொண்டுவந்தார். 1886 முதல் பிரிட்டிஷ் இந்தியாவின் வருமான வரி வேளாண் வருமானத்தைத் தொட்டதில்லை. 1935-ன் இந்திய அரசுச் சட்டம் அந்த அதிகாரத்தை மாகாணங்களுக்குத் தந்ததும் 1938-ல் பீகாரும் 1939-ல் அஸ்ஸாமும் 1944-ல் வங்காளமும் அந்த வரியைப் போட்டன. திருவிதாங்கூரில் அது பாய்ந்த இடம் தேயிலையும் ரப்பரும் விளைந்த பெருந்தோட்டங்கள், பெருநிலக்கிழார்கள். இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்விக்கான சட்டமும் இதே ஆண்டுகளில் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் ஆசிரியர் வைக்கப் பணம் வேண்டும், பணம் போர்க்கால ரப்பர் விலையில் குவிந்திருந்தது. 1941 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 47 பேர். மிஞ்சியவர்களை எட்டத் தருமமும் மானியமும் போதாது என்பது தெரிந்துவிட்டது. வரி போட்டால் முதலாளி ஓடிவிடுவார் என்ற எச்சரிக்கை அன்றும் எழுந்தது. தேயிலை விளையும் கண்ணன் தேவன் மலையைக் கப்பலில் ஏற்ற முடியாது. நிலத்தின் விளைச்சலுக்கு வரி விதிப்பதில் உள்ள பெரிய வசதி அது. பின்னர் கேரளம் இந்த வரியைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது, தோட்டங்கள் அங்கேயே நின்றன.

இதைவிடக் கனமான மறுப்புகள் இரண்டு. ஒன்று, தொடக்கப் பள்ளிகளை அரசே நடத்தும் என்ற திட்டத்தைச் சங்ஙனாச்சேரி ஆயர் ஜேம்ஸ் காளாச்சேரி 1945-ல் கடுமையாக எதிர்த்தார். நூறாண்டு உழைத்துப் பள்ளி கட்டியவர்களிடமிருந்து பிள்ளைகளைப் பறிக்காதே என்பதில் நியாயம் உண்டு. ஆனால் பணம் தருவது ஒன்று, நிர்வாகத்தைப் பறிப்பது இன்னொன்று. அரசு முன்னதைச் செய்யும் கடமையைப் பின்னதன்மேல் உள்ள சினத்தால் மறந்துவிடலாகாது. இரண்டாவது மறுப்பு சி. பி.யைப் பற்றியது. வேளாண் வருமான வரி கொண்டுவந்த அதே 1946-ல்தான், அக்டோபர் மாதம், புன்னப்பிர வயலாரில் தொழிலாளர்கள்மேல் பட்டாளம் சுட்டது. செல்வரிடம் வரி வாங்கிய கையே ஏழையைச் சுட்டது. இந்த வரிக்கு மக்கள் யாரும் வாக்களிக்கவில்லை. அதனால் அதை யாரும் தம்முடைய வெற்றியாகக் கொண்டாடவும் இல்லை, நினைவில் வைத்திருக்கவும் இல்லை. திருவிதாங்கூர் வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடங்களில் இது ஒன்று. சரியான வரி, தவறான ஆட்சியோடு சேர்ந்து மங்கிப்போயிற்று.

அடிப்படை வரியில் இருந்த குறையையும் சொல்ல வேண்டும். ஒரே அளவு என்பது பார்வைக்குச் சமம். ஆற்றோர நஞ்சைக்கும் பாறைக்காட்டுக்கும் ஏக்கருக்கு ஒரே தொகை என்றால் அது சமமே இல்லை. அந்த வரியின் வாரிசாகக் கேரளம் ஏக்கருக்கு இரண்டு ரூபாய் என்று விதித்தபோது, மூவாயிரம் ரூபாய் அளவே வருமானம் தந்த காட்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் வரி வந்தது என்று அதன் உடைமையாளர் மூப்பில் நாயர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1960 டிசம்பரில், சமத்துவ உரிமைக்கு மாறானது என்று நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. அங்கே தப்பித்தவர் பெரும் நிலவுடைமையாளர்தான்; தீர்ப்பின் அடிப்படையோ ஏழைக்கும் உரியது. விளைச்சலைப் பாராமல் போடும் வரி, ஆளைப் பாராமல் போட்ட தலைவரியின் நெருங்கிய உறவு.

அந்தத் தீர்ப்பு வரும்போது நெய்யூர் கேரளத்தில் இல்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டன. அங்கே காமராஜரின் இலவசக் கல்வியும் மதிய உணவும் விரிந்துகொண்டிருந்தன. அந்த மாநிலத்தின் வருவாயில் பெரிய தூண், ராஜாஜி 1939-ல் இந்தியாவிலேயே முதலாகக் கொண்டுவந்த பொது விற்பனை வரி. திங்கள்சந்தையில் சாமான் வாங்குகிறவரிடமிருந்து, அவர் யாராக இருந்தாலும், அது வசூலாகும். நெய்யூர்ப் பிள்ளையின் படிப்புக்கு அதன் பிறகு பணம் எப்படி வந்தது என்பதை அடுத்த பகுதியில் காண்போம்.